பாம் ஷெல்ட்டர் கதவைத் திறக்க முடிகிறதா?

உங்கள் வீட்டு பாம் ஷெல்ட்டரின் கதவைக் கடைசியாக முழுவதும் திறந்தது எப்போது?

பலருக்கு இந்தக் கேள்வியே சிரிப்பை வரவழைக்கும். கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு, தடவித் தடவி ஒரு டின்னை வெளியே எடுத்து, மறுபடியும் தோளால் முட்டி மூடுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்டு வரும் வீவக வீடுகளில் இந்தப் பாதுகாப்பு அறை இருக்கிறது. கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ஆபத்து வேளையில் குடும்பமே உள்ளே போய் உட்கார வேண்டிய இடம். ஆனால் இன்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கழுத்து உடைந்த மின்விசிறி, மூன்று தீபாவளிக்கு முந்திய விளக்குச் சரம், பிள்ளைகளின் தொடக்கநிலைப் பாடப் புத்தகங்கள், யார் கல்யாணத்திலோ கிடைத்த பிரிக்கப்படாத டின்னர் செட்!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். செங்காங்கில் ஐந்தறை வீடு. 2001-இல் குடிவந்தவர்கள். இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் திருமணமாகித் தனித்தனியாகப் போய்விட்டார்கள். கணவர் காலமாகி இரண்டு வருடம். அந்த அம்மாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. பெரிய வீட்டைக் கூட்டித் துடைக்க முழங்கால் இடம்கொடுக்கவில்லை. ஈரறை ஃபிளெக்சி வீட்டுக்கு மாறிவிடலாம் என்று முடிவாகிறது. ஐந்தறை வீடு சுமார் 110 சதுர மீட்டர். ஈரறை ஃபிளெக்சி, வகையைப் பொறுத்து, சுமார் 36 அல்லது 45 சதுர மீட்டர். அதாவது இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்ந்த சாமான்களில் பாதிக்கு மேல் புது வீட்டில் நுழையவே நுழையாது.

மகள் ஒரு சனிக்கிழமை காலையில் கறுப்புக் குப்பைப் பைகளுடன் வந்து நிற்கிறாள். "அம்மா, இன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சிடலாம்." மதியத்துக்குள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் பல வீடுகளுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தத் தலைப்பைப் பேச எடுத்துக்கொண்டால் போதும், அரங்கம் உடனே இரண்டு அணியாகப் பிரிந்துவிடும். "ஒரு வருஷம் தொடாத சாமான் வேண்டாத சாமான்" என்று இளையோர் ஒரு பக்கம். "இன்னைக்குத் தூக்கிப் போடு, நாளைக்கே தேவைப்படும்" என்று மூத்தோர் மறுபக்கம். யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. உண்மையில் இரண்டு அணியும் சாமானைப் பற்றித்தான் பேசுகிறதா என்பதே சந்தேகம்.

மூத்தோரின் பக்கம் முதலில் பார்ப்போம். கம்பத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு மைலோ டின் என்பது வெறும் டின் அல்ல. அது அரிசி அளக்கும் படி, பூச்செடித் தொட்டி, காசு சேர்க்கும் உண்டியல். கிழிந்த கைலி தரை துடைக்கும் துணியாகும், அதுவும் கிழிந்தால் அடுப்படிக்குப் போகும். அப்படிச் சிக்கனமாக இருந்துதான் அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தக் கையிடம் போய் "இதெல்லாம் குப்பை" என்று சொன்னால், சாமானைச் சொல்வதாக அவர்கள் காதில் விழாது. தாங்கள் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்வதாகத்தான் விழும்.

இதில் வயது மட்டும் காரணமல்ல. 1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை புகழ்பெற்றது. அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பை ஒன்றைச் சும்மா கொடுத்தார்கள். பிறகு, "இதை விற்பதானால் என்ன விலை?" என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்களிடம், "வாங்குவதானால் என்ன தருவீர்கள்?" என்று கேட்டார்கள். வாங்குபவர்கள் சொன்னது மூன்று டாலருக்கும் குறைவு. விற்பவர்கள் கேட்டது ஐந்து டாலருக்கும் மேல்! அதே கோப்பை. கைக்கு வந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. "என்னுடையது" என்ற எண்ணம் ஏறியவுடன் பொருளின் மதிப்பு நம் மனதில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. சற்று நேரம் வைத்திருந்த கோப்பைக்கே இப்படி என்றால், நாற்பது வருடம் இட்லி வேகவைத்த பாத்திரத்துக்கு?

ஆகவே, விட மனம் வராதது பிடிவாதமோ கஞ்சத்தனமோ அல்ல. மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. மாணவர்கள், முதலாளிகள், பேராசிரியர்கள் யாரும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் சாமான் சேர்வதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் சென்று, அறை அறையாகப் படம் எடுத்து, ஒவ்வொரு பொருளையும் எண்ணிப் பார்த்தார்கள். நான்கில் மூன்று வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகையில் காரை நிறுத்த இடமில்லை, அவ்வளவு சாமான்! நம் பாம் ஷெல்ட்டரின் அமெரிக்க அண்ணன் என்று சொல்லலாம். இதே ஆய்வையொட்டி 2010-இல் வெளிவந்த ஒரு கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது "சாமான் குவிந்து கிடக்கிறது", "இன்னும் வேலை முடியவில்லை" என்றே பேசிய மனைவிமாரின் உடலில், கார்ட்டிசோல் என்ற மன உளைச்சல் ஹார்மோன் நாள் போகப் போக இயல்பாகக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. கணவன்மாரிடம் இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஏன் என்று பெண் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!

மூத்தோர் வீட்டில் இன்னும் நேரடியான ஆபத்து உண்டு. நடைபாதையில் அடுக்கிய பெட்டி, கால் தட்டும் வயர், இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு ஸ்டூல். எழுபது வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு பழையபடி நடமாடுவது கடினம். வீட்டுக்குள் இடமில்லாத சாமான் தாழ்வாரத்துக்கு வந்தால் அது அண்டை வீட்டாரின் பிரச்சினையாகவும் ஆகிறது. தீ விபத்தில் தப்பிச் செல்ல, தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாமான் அதிகமாக இருப்பதும், பதுக்கல் நோயும் ஒன்றல்ல. எதையுமே விட முடியாமல், படுக்கவும் சமைக்கவும் இடமில்லாதபடி குவித்து, யாராவது தொட்டாலே துடித்துப்போகும் நிலையை மனநல மருத்துவ உலகம் 2013 முதல் தனி நோயாகவே வகைப்படுத்துகிறது. அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் குப்பைப் பையுடன் போகாதீர்கள். மருத்துவரையும் சமூக ஊழியரையும் அணுகுங்கள். அவர் இல்லாத நேரத்தில் வீட்டைக் காலி செய்வதால் நோய் தீராது, உங்கள் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கைதான் தீர்ந்துபோகும்.

சரி, செங்காங் அம்மாவிடம் திரும்புவோம். மகள் செய்த தவறு என்ன?

அவள் முதலில் திறந்தது அப்பாவின் அலமாரி. "அப்பாதான் இல்லையே, இது சுலபம்" என்று அவள் நினைத்தாள். உள்ளே பதினான்கு சட்டைகள், இரண்டு மூக்குக் கண்ணாடி, நின்றுபோன ஒரு கைக்கடிகாரம், தலைவலித் தைலத்தின் வாசம். அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைய வேலை அதோடு முடிந்தது.

ஜப்பானைச் சேர்ந்த மரி கோண்டோவின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி அவர் எழுதிய புத்தகம் 2010 இறுதியில் ஜப்பானில் வெளிவந்து, பிறகு பல மொழிகளுக்குப் போனது. 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. அவர் சொல்லும் வரிசை முக்கியமானது. முதலில் உடைகள், பிறகு புத்தகங்கள், காகிதங்கள், சில்லறைச் சாமான்கள், நினைவுப் பொருள்கள் கடைசியில். மனம் சுலபமாக முடிவெடுக்கும் பொருளில் பழகிய பிறகுதான் கடினமான பொருளுக்குப் போக வேண்டும். நம் வீட்டுக்கு இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். உடைகளிலும் சேலைக்கு ஒரு கதை உண்டு, அதனால் குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தொடங்குவது நல்லது. காலாவதியான மருந்துக்கும், மூடி தொலைந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்கும், காய்ந்துபோன நகப்பூச்சுக்கும் யாரும் கண்ணீர் விடுவதில்லை.

ஒரு நாளைக்கு ஓர் இழுப்பறை. அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் களைப்பு வரும், களைப்பில் எடுக்கும் முடிவு இரண்டு வகைதான்: எல்லாவற்றையும் தூக்கி எறிவது, அல்லது எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைப்பது.

கோண்டோ சொல்வதில் பலர் கேலி செய்த ஒரு விஷயம், பொருளுக்கு நன்றி சொல்லிவிட்டு அனுப்புவது. பனியனுக்கு நன்றியா என்று சிரித்தார்கள். நமக்கு இது புதிதா? ஆயுத பூசையன்று கத்தரிக்கோலுக்கும் தையல் இயந்திரத்துக்கும் டாக்சிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். ஜப்பானில் உடைந்த தையல் ஊசிகளைக் குப்பையில் போடாமல், மென்மையான தோஃபுவில் குத்தி வைத்து, இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி சொல்லும் ஒரு சடங்கே உண்டு. டோக்கியோ வட்டாரத்தில் பிப்ரவரி 8-ஆம் தேதி செய்கிறார்கள். உழைத்த பொருளை மரியாதையோடு அனுப்பினால் மனம் குறுகுறுக்காது. அம்மாவிடம் "தூக்கிப் போடலாமா?" என்று கேட்பதற்கும், "இது நமக்கு நல்லா உழைச்சிடுச்சு, அனுப்பிடலாமா?" என்று கேட்பதற்கும் பதில் வேறாகத்தான் வரும்.

(மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு தம் வீடும் முன்போல் ஒழுங்காக இல்லை என்று அதே கோண்டோ 2023-இல் ஒப்புக்கொண்டார். தாய்மார்களே, நிம்மதியாக இருங்கள்.)

ஆனால் அம்மாவின் மனதை மாற்றியது இந்த வரிசையோ நன்றியோ அல்ல. ஒரு கிரைண்டர்.

மேசை மேல் வைக்கும் பழைய கிரைண்டர். கல் நன்றாக இருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது. ஆனால் தூக்கிக் கழுவ அம்மாவுக்குத் தெம்பில்லை. நான்கு வருடமாகக் கடையில் மாவு வாங்குகிறார். மகள் அதை வேண்டாத சாமான் பக்கம் வைத்தபோது, "அது ஒண்ணுமில்லாம போகவேண்டிய சாமான் இல்லை" என்று அம்மா எடுத்துத் திரும்ப வைத்தார். மூன்று முறை இப்படி நடந்தது. பிறகு மகள் வேறு மாதிரி கேட்டாள்: "நம்ம புளோக்ல யாருக்காச்சும் வேணுமா?" அம்மா யோசிக்கவே இல்லை. ஏழாவது மாடியில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள், கைக்குழந்தை வேறு, அந்தப் பெண் மிக்சியில் மாவு அரைத்து அவதிப்படுவதை மின்தூக்கியில் சொல்லியிருக்கிறாள். அன்று மாலையே கிரைண்டர் கழுவித் துடைக்கப்பட்டு ஏழாவது மாடிக்குப் போனது. மறுநாள் காலையில் ஒரு டப்பா இட்லி கீழே வந்தது. அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு, தாமாகவே அடுத்த அலமாரியைத் திறந்தார்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் மனக்கணக்கு நிஜம்.

2008-இல் எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 'சயின்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கனடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் காலையில் சிலருக்கு உறையில் பணம் கொடுத்தார்கள். சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர். ஒரு பிரிவினர் அதை மாலை ஐந்து மணிக்குள் தங்களுக்கே செலவு செய்ய வேண்டும். மற்றப் பிரிவினர் வேறொருவருக்காகச் செலவு செய்ய வேண்டும், அல்லது அறக்கொடையாகக் கொடுக்க வேண்டும். மாலையில் கேட்டபோது, மற்றவர்களுக்காகச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது கணக்கிலேயே வரவில்லை. இதைவிட வேடிக்கை, "எது அதிக மகிழ்ச்சி தரும்?" என்று வேறு ஆட்களிடம் முன்கூட்டிக் கேட்டபோது பெரும்பாலோர் "20 டாலர் கிடைத்து அதை எனக்கே செலவழிப்பது" என்று சொன்னார்கள். நம் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்று நாமே தப்புக் கணக்குப் போடுகிறோம். அதனால்தான் கொடுத்த பிறகு வரும் சந்தோஷம் எப்போதும் எதிர்பாராததாகவே இருக்கிறது.

2012-இல் இதே ஆக்னின் இரண்டு வயது நிறையாத குழந்தைகளையும் பார்த்தார். தின்பண்டம் கிடைத்தபோது இருந்ததைவிட, அதை ஒரு பொம்மைக்குக் கொடுத்தபோது குழந்தைகளின் முகம் அதிகம் மலர்ந்தது. அதிலும், வேறு யாருடையதோ அல்லாமல் தங்கள் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம்! ஈகைக்கு என்று தனி அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், சேர்த்து வைத்துப் பின் இழந்துபோகிறவர்களைப் பார்த்து, கொடுத்து மகிழும் இன்பத்தை இவர்கள் அறியவே மாட்டார்களா என்று வியக்கிறார். அவர் கேட்ட கேள்வியைத்தான் ஆய்வுக்கூடங்கள் இப்போது உறையும் தின்பண்டமும் வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் எல்லாக் கொடையும் ஒரே மாதிரி மகிழ்ச்சி தருவதில்லை. தங்கள் கொடை யாருக்கு என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கே மகிழ்ச்சி கூடுகிறது என்று அதே குழுவினரின் பிந்திய ஆய்வுகள் காட்டின. பொதுவான ஒரு நிதிக்குக் கொடுப்பதைவிட, "பத்து டாலருக்கு ஒரு கொசுவலை" என்று தெளிவாகத் தெரியும் திட்டத்துக்குக் கொடுத்தவர்கள் கொடையின் அளவு கூடக் கூட அதிகம் மகிழ்ந்தார்கள். கிரைண்டர் ஏழாவது மாடிக்குப் போனதற்கும், பெயர் தெரியாத ஒரு கிடங்குக்குப் போயிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

இனி கசப்பான பக்கம். கொடுப்பது என்ற பெயரில் நாம் செய்யும் சில காரியங்கள் கொடையே அல்ல.

2020-இல் கொவிட்-19 காரணமாக ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாம் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். அலமாரிகளைத் திறந்து பார்க்க முதன்முறையாக நேரம் கிடைத்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும் நன்கொடை பெறும் இடங்களில் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் மூட்டையைப் பிரித்தால், கறை படிந்த தலையணை, ஒற்றைக் கால் செருப்பு, ஜிப் அறுந்த பை, பாதி துண்டுகள் காணாமல் போன விளையாட்டுப் பெட்டி. இவற்றைப் பிரித்தெடுக்கத் தொண்டூழியர்களின் நேரம் போகிறது, குப்பையாக அகற்றுவதற்கு அமைப்பின் பணமும் போகிறது. நம் வீட்டுக் குப்பையை அறநிறுவனத்தின் வாசலுக்கு மாற்றிவிட்டு, புண்ணியம் செய்ததாகத் திரும்பி வருகிறோம். கடுமையாகத் தோன்றினாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இல்லாதவங்களுக்கு இதுவே பெரிசு" என்ற பேச்சு இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டொழிக்கும் நேரம் வந்துவிட்டது. சோதனை சுலபம். இதே பொருளை உங்கள் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்குமா? கூச்சமாக இருந்தால் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுப்பதானால் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, மடித்து, அளவு எழுதி வையுங்கள். மின்சாதனம் என்றால் ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள். வயரையும் மூடியையும் சேர்த்துக் கட்டுங்கள். கொண்டுபோவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு: "உங்களுக்கு இப்போது என்ன தேவை?" பல அமைப்புகள் எதைப் பெறுவோம், எதைப் பெறமாட்டோம் என்று முன்பே அறிவித்து வைத்திருக்கின்றன. மூடிய கதவின் முன் இரவில் மூட்டையை வைத்துவிட்டு வராதீர்கள். மழை ஒன்று பெய்தால் போதும், அத்தனையும் குப்பைதான்.

எங்கே எதைக் கொடுக்கலாம்? உடைகளையும் அறைகலன்களையும் சால்வேஷன் ஆர்மி பெற்றுத் தன் கடைகளில் விற்று, அந்தப் பணத்தை உதவித் திட்டங்களுக்குச் செலவிடுகிறது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் சிங்கப்பூர் மாதர் சங்கங்களின் மன்றம் நடத்தும் 'நியூ டு யூ' கடை இருக்கிறது. காலாவதியாக நாள் இருக்கும், பிரிக்காத உணவுப் பொருளுக்கு 2012-இல் தொடங்கிய 'ஃபுட் பேங்க்' உணவு வங்கி. வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் 'இட்ஸ் ரெய்னிங் ரெயின்கோட்ஸ்' போன்ற குழுக்களும் அவ்வப்போது தேவையானவற்றைக் கேட்டுப் பெறுகின்றன. கல்யாண விருந்துக்கு வாங்கிய பெரிய அண்டாவும் வார்ப்பும் இருந்தால், அன்னதானம் நடக்கும் கோயில் ஒன்றில் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படக்கூடாது, அவர்களிடமும் இடம் குறைவுதான்.

உழைத்து முடிந்த சாமானுக்கு வேறு வழி. 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து மின்கழிவுகளுக்கு என்றே ஒரு திட்டம் நடப்பில் இருக்கிறது. புதுக் குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வீட்டுக்கு வரும்போது, அதே வகைப் பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். பழைய கைத்தொலைபேசி, வயர், மின்கலம் ஆகியவற்றுக்குக் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தனித் தொட்டிகள் உண்டு. கட்டில், மெத்தை, சோபா போன்றவற்றைப் பல நகர மன்றங்கள் மாதத்துக்கு மூன்று உருப்படிகள் வரை இலவசமாக அகற்றித் தருகின்றன. புளோக்கின் கீழ்த்தளத்தில் இரவோடு இரவாக இறக்கி வைக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பார்த்துச் செய்ய வேண்டும்? நாம் சூட்டில் போடுவது எரியாலைக்குப் போகிறது. சாம்பல் கப்பலேறிப் புலாவ் செமாக்காவுக்குப் போகிறது. 1999-இல் திறக்கப்பட்ட அந்தக் குப்பைத் தீவு நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே குப்பை நிரப்புமிடம். 2035 வாக்கில் நிரம்பிவிடக்கூடும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. பாம் ஷெல்ட்டர் நிறைந்தால் கதவை முட்டி மூடலாம். செமாக்காவுக்குக் கதவு இல்லை.

காராங் குனிக்காரரையும் மறந்துவிடக் கூடாது. ஹாரன் அடித்துக்கொண்டு மாடி மாடியாக வரும் அவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். மறுபயனீடு என்ற சொல் நமக்குப் பழகுவதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தவர்கள். அந்தப் பெயரே அவர்கள் தோளில் சுமந்த சாக்குப் பையிலிருந்து வந்தது. மலாய் மொழியின் 'குனி'யும் நம் 'கோணி'யும் உறவுக்காரச் சொற்கள்தான். பழைய செய்தித்தாளுக்கு அவர் தரும் சில்லறையை எண்ணிப் பார்க்காமல், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பும் அம்மாக்கள் நம் புளோக்குகளில் இன்றும் இருக்கிறார்கள்.

செங்காங் வீட்டில் கடைசியாக மிஞ்சியது அப்பாவின் அலமாரி. ஆறு வாரம் ஆகியிருந்தது. இந்த முறை மகள் திறக்கவில்லை, அம்மாவே திறந்தார். இடையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. மகன் செய்த ஒரு காரியமும் உதவியது. அப்பாவின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தான். படம் பிடிக்கும்போதே அம்மா கதை சொன்னார். எந்தச் சட்டை எந்தப் பொங்கலுக்கு வாங்கியது, எந்தக் கடிகாரம் முதல் சம்பளத்தில் வாங்கியது... அதையும் அவன் பதிவு செய்துகொண்டான். பிள்ளைகளுக்கு அவற்றில் பாதிக் கதை தெரியாது.

பதினான்கு சட்டைகளில் பத்தை அம்மா தாமே துவைத்து இஸ்திரி போட்டார். வெளிநாட்டு ஊழியர்களுக்கு முழுக்கைச் சட்டைகள் தேவைப்படுவதாக மகள் கேட்டறிந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும்போது போட்டுக்கொள்ள, ஊருக்குப் போகும்போது விமானத்தில் போட்டுக்கொள்ள. இரண்டு சட்டைகள் மகனுக்கு. ஒன்றைத் தலையணை உறையாகத் தைக்கப் போவதாக அம்மா சொன்னார். மூக்குக் கண்ணாடிகளை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அவை ஒரு சிறு டப்பாவில் புது வீட்டுக்கு வருகின்றன.

பதினான்காவது சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

வீடு மாறும் நாளில் பாம் ஷெல்ட்டரின் கதவை லாரி ஆட்கள் சுவர் வரைக்கும் திறந்து வைத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. தரையில் கிடந்த ஒரு மைலோ டின்னை மட்டும் மகள் பார்த்து எடுத்தாள். "இது எதுக்கும்மா?" என்றாள். "கொடு, துணி கிளிப் போட்டு வைக்க ஆகும்" என்று அம்மா வாங்கிக்கொண்டார். மகள் ஒன்றும் சொல்லவில்லை.